நீங்க சொல்றதைச் சொல்லுதேன்

இன்னும் ஒரு பாட்டு இருக்கிறது, பிறகு பிரசங்கம், பிறகு காணிக்கை, அதற்கப்புறம் எங்கள் கோயில் போதகர் ஐயர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், நான் எழுந்து முன்னால் போக வேண்டும், இந்த வருஷம் ஊழியத்துக்கு வந்திருக்கிற பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அவர்கள் தலைமேல் கை வைத்து ஜெபிக்க வேண்டும். வாலிபர் ஞாயிறு என்றால் இந்த ஜெபம் எனக்குத்தான், யாரும் என்னைக் கேட்டுக்கொள்வதுகூட இல்லை, எப்சிபா டீச்சர் இருக்காவல்லா என்று விட்டுவிடுவார்கள். போன வருஷம் ஐயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நீங்க ஜெபிக்கும்போது எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிட்டு" என்றார்கள், நானும் எல்லா மகிமையும் கர்த்தருக்கே என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன். இப்போது என் வாயில் எச்சில்கூட இல்லை. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை கிரீச் என்கிறது, அந்தச் சத்தம் வரும்வரை மூச்சை நிறுத்தி வைத்திருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை. முன்னால் பாடகர் வரிசையில் நீலக்கரை வைத்த வெள்ளைச் சேலையில் சுகிர்தா நிற்கிறாள். இன்னும் திரும்பவில்லை. திரும்புவாள். பாட்டு முடிந்து உட்காரும்போது எப்படியும் ஒருமுறை திரும்பி என்னைப் பார்ப்பாள், அப்போது நான் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொள்ள வேண்டும். நாற்பத்தாறு வயதில், முப்பது பிள்ளைகளுக்கு ஊழியம் கற்றுக்கொடுத்தவள் என்று பெயரெடுத்தவள், இருபத்திரண்டு வயசுப் பெண்ணின் கண்ணுக்குப் பயந்து குனிகிறேன். நேற்றுச் சாயங்காலம் பாட்டுப் பயிற்சி முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "எக்கா, ஜெருஷா என்ட்ட நேராக் கேட்டுட்டா." "என்ன கேட்டா?" "எக்கா, நான் செத்துருவேனான்னு கேட்டா." நான் கீழே கிடந்த பாட்டுப் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தேன். "தண்ணி கொண்டு வாரேன்னு எந்திச்சு வெளிய வந்துட்டேன் எக்கா. திரும்பப் போனா சுவத்தப் பாத்துப் படுத்திருக்கா. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் வாரேன்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன். நாளைக்கும் கேப்பா. நான் என்ன சொல்லணும்?" அவள் என் முகத்தையே பார்த்தாள், அந்தப் பார்வையில் சந்தேகம் என்று ஒரு துளிகூட இல்லை, அதுதான் என்னை இப்போது கொல்கிறது. "நீங்க சொல்றதைச் சொல்லுதேன் எக்கா" என்றாள். நாளைக்குப் பேசுவோம் மக்களே, ஜெபம் பண்ணு என்று சொல்லி அனுப்பினேன். ஜெபம் பண்ணு. என்னால் ஆகாததை அவளிடம் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து இட்லி அவித்தேன்.

உட்காருகிறோம். திரும்பினாள். நான் குனிந்துவிட்டேன். புத்தகத்தின் ஓரத்தில் யாரோ ஒரு பிள்ளை பூனை வரைந்து வைத்திருக்கிறது, மீசை மட்டும் பெரிதாக. ஜெருஷா இப்படித்தான் எதிலும் வரைவாள். ஓய்வுநாள் பள்ளியில் பெரிய வகுப்பு அவள், கடைசி வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், பரலோகத்துல ராத்திரி பகல் இல்லன்னா லீவு எப்படி விடுவாவ?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவள். நான் அதட்டினேன். சுகிர்தா அதட்டவில்லை, அவளும் சேர்ந்து சிரித்தாள், அதனால்தான் அந்தப் பிள்ளை இவளிடம் ஒட்டிக்கொண்டது. இரத்தத்தில் புற்று என்று தெரிந்ததிலிருந்து மதுரைக்கும் இங்கேயுமாக ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தார்கள். முடி கொட்டியபோது சுகிர்தா தன் நீலத் துப்பட்டாவைக் கொடுத்துத் தலையில் கட்டிவிட்டாள். போன மாதம் மதுரையில் டாக்டர் தாயையும் தகப்பனையும் உள்ளே கூப்பிட்டு, இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிள்ளைக்குப் பிடிச்சதைக் கொடுங்க, வலி வராம மருந்து தாரோம் என்று சொல்லிவிட்டார். செல்வகனி, அவள் அம்மா, ஊருக்கு வந்து இறங்கியதும் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள், கை நெருப்பாய்ச் சுட்டது. "டீச்சர், யாரும் அவட்ட ஒண்ணும் சொல்லிரக் கூடாது. உங்க பிள்ளைங்க எங்க வீட்டுக்கு வரப்போக இருக்காவ. எல்லாரையும் விசுவாசமாப் பேசச் சொல்லுங்க. சாவுன்னு ஒரு சொல்லு என் வீட்டுக்குள்ள வரக் கூடாது. எனக்கு வாக்குக் கொடுங்க." கொடுத்தேன். எப்படிக் கொடுக்காமல் இருப்பது? பெற்ற வயிறு கேட்கிறது. மறுநாளே பிள்ளைகளை எல்லாம் கூட்டி வைத்துச் சொன்னேன், அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் சிரித்த முகமாகப் போக வேண்டும், அடுத்த வருஷம் என்ன படிப்பாய் என்று கேட்க வேண்டும், குணமாகி வந்ததும் எங்கே போகலாம் என்று கேட்க வேண்டும். சுகிர்தா கையில் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தாள். அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், ஒரு மாதமாக, நான் சொன்னபடியே, அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. காமர்ஸ் என்று சொன்னதாம். அதைத் தெரிந்துகொண்டே சொன்னதா, தெரியாமல் சொன்னதா? தெரிந்துகொண்டுதான். பதினைந்து வயசு, உடம்பு அவளுடையது, அதற்குள் என்ன நடக்கிறது என்று எங்களை விட அவளுக்குத் தெரியாதா? எங்களுக்காகக் காமர்ஸ் என்றிருக்கிறாள். எங்களுக்குச் சங்கடம் வரக் கூடாதே என்று. ஐயோ.

பிரசங்கம் ஆரம்பித்துவிட்டது. ஐயர் வாலிபப் பிராயத்தைப் பற்றிப் பேசுகிறார், ஒலிபெருக்கி இடையிடையே விசில் அடிக்கிறது, ஐயருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் ஓடிப் போய் எதையோ திருகுகிறார். நான் கேட்கவில்லை. முப்பது பிள்ளைகள். எண்ணிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இந்தக் கோயில் திண்டாடிக்கொண்டிருந்த காலம், ஓய்வுநாள் பள்ளிக்கு ஆள் கிடையாது, கிழவிகள் இரண்டு பேர் தூங்கித் தூங்கிப் பாடம் நடத்துவார்கள், நான் கல்யாணமாகி வந்த புதிது, வாலிபர்களை ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்து வந்தேன். கதை சொல்லும்போது பிள்ளை உயரத்துக்குக் குனி. பெயர் சொல்லிக் கூப்பிடு. அழுகிற பிள்ளையிடம் ஏன் அழுகிறாய் என்று உடனே கேட்காதே, முதலில் பக்கத்தில் உட்கார். இதெல்லாம் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் அதோடு வேறொன்றும் கற்றுக்கொடுத்தேன், கற்றுக்கொடுக்கிறேன் என்று தெரியாமலே. கஷ்டமான கேள்வி வந்தால் என்னிடம் வா. நீயாக எதையும் சொல்லிவிடாதே, உளறிவிடுவாய், பிள்ளைகள் மனசில் தப்பாகப் பதிந்துவிடும், என்னைக் கேட்டுச் சொல். எல்லாரும் வந்தார்கள். ஊழியத்துக்கு ஆள் உருவாக்குகிறேன் என்று நினைத்தேன், சனிக்கிழமை தோறும் அந்தக் கூடத்தில் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களும் எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தன. என் குரலிலேயே ஜெபிப்பார்கள். நான் இழுக்கிற இடத்தில் இழுப்பார்கள். ஒருத்தி என்னைப் போலவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஆரம்பிப்பாள், கண்ணாடி போடாதபோதும் கை போகும். சுகிர்தா அப்படியில்லை என்று நினைத்திருந்தேன். அசனத்தன்று கோயில் விருந்துக் கூட்டத்தில் வாந்தியெடுத்த ஏதோ ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு, தன் பட்டுப் பாவாடை நனைந்ததைக் கவனிக்காமல் அந்தப் பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றைக்கே இவள் வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளுக்குள் இருந்தது நான் கொடுத்தது அல்ல. அது அவளுக்கு ஆண்டவர் கொடுத்தது, அல்லது யாரும் கொடுக்காமல் இருந்தது. அவளும்தான் இப்போது, நீங்க சொல்றதைச் சொல்லுதேன் என்கிறாள். நான் என்ன சொல்ல? நீ சாகமாட்டாய் என்று சொல்லச் சொன்னால் சொல்வாள், அந்தப் பிள்ளை இவள் கண்ணைப் பார்க்கும், பார்த்து, சரி, இவளும் என்னை விட்டுப் போய்விட்டாள் என்று மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும், அப்படியே தனியாக, யாரோடும் பேசாமல், காமர்ஸ் என்று சொல்லிக்கொண்டே போய்விடும். சுகிர்தா ஆயுசு முழுக்க அதைச் சுமப்பாள். செத்துப்போவாய் என்று சொல்லச் சொன்னால்? செல்வகனியின் கை. அந்தச் சூடு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. தாய்க்குத் தெரியாமல், தாயின் வீட்டிலேயே உட்கார்ந்து, அவள் பிள்ளையிடம் அதைச் சொல்ல நான் யார், அதையும் ஒரு சின்னப் பெண்ணை அனுப்பிச் சொல்லவைக்க நான் யார்? இரண்டு பக்கமும் போய்ப் போய் முட்டிக்கொண்டு வருகிறேன், நேற்றிலிருந்து இதே இடம், இதே சுவர்.

கர்த்தரிடம் கேள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, ஈஸ்டருக்கு முந்திய பெரியநோன்பிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. வார்த்தை வரும், அதற்குப் பஞ்சமில்லை, யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே நின்று மணிக்கணக்கில் ஜெபிப்பேன், அது குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது மாதிரி. தனியாக முழங்காலில் நிற்கும்போதுதான். முன்பெல்லாம் கண்ணை மூடினால் எதிரே ஒருவர் இருப்பார், முகம் கிடையாது, ஆனால் ஆள் இருப்பது தெரியும், இருட்டு அறையில் யாரோ இருந்தால் தெரியுமே, அப்படி. இப்போது அறை காலி. என் மூச்சு மட்டும் கேட்கிறது. ஜெருஷாவுக்காக ஊரே உபவாசம் இருந்த வாரத்தில்தான் அது நடந்தது, நான்தான் முன்னால் நின்று ஜெபித்தேன், எல்லாரும் அழுகிறார்கள், செல்வகனி தரையில் விழுந்து கிடக்கிறாள், எனக்குத் திடீரென்று, அடுப்பை அணைத்தோமா என்று தோன்றியது. வாய் பாட்டுக்கு ஜெபித்துக்கொண்டிருக்கிறது, நான் உள்ளே நின்று அடுப்பைப் பற்றி யோசிக்கிறேன், அந்த இடத்தில் எதிரே பார்த்தேன், யாருமில்லை. பயத்தில் குரலை இன்னும் உயர்த்தினேன். எல்லாரும் ஆமென் ஆமென் என்றார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தட்டிப் பார்க்கிறேன். ஆண்டவரே, இந்தப் பிள்ளையைக் கொடுத்துவிடும் என்று கேட்டு ஓய்ந்துபோய், இந்தக் கேள்விக்காவது பதில் கொடும், பிழைக்க வைக்க வேண்டாம், அவளிடம் என்ன சொல்வது என்று மட்டும் சொல்லும் என்று நேற்று ராத்திரி கேட்டேன், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது. என்னிடம் ஒன்றுமே இல்லை. இதைச் சுகிர்தாவிடம் எப்படிச் சொல்வது? மக்களே, நீ என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய், உள்ளே ஆளில்லை. அதைக் கேட்டால் அவளுக்கு எது மிஞ்சும்? ஒருவேளை அவளும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறாளோ? அதை நான் கேட்கவே இல்லையே. நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு வார்த்தை. இத்தனை வருஷத்தில் அவளிடம் என்றைக்காவது கேட்டிருக்கிறேனா, நீ என்ன நினைக்கிறாய் என்று?

"எப்சிபா டீச்சர்." எப்போது காணிக்கை எடுத்தார்கள்? என் கையில் நோட்டு அப்படியே கசங்கிக் கிடக்கிறது. எழுந்துவிட்டேன். கால் நடக்கிறது. பிள்ளைகள் முன்னால் வந்து வரிசையாக முழங்கால்படியிட்டுவிட்டார்கள், எண்ணெய் வைத்து வாரிய தலைகள், மல்லிகைச் சரங்கள், ஒரு பையனின் சட்டைக் காலரில் கடை ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது, கடைசியில் சுகிர்தா. பெரிய வகுப்பைப் பொறுப்பாக ஏற்கிறவள் என்று ஐயர் அறிவிக்கிறார். மைக்கை என் வாய் உயரத்துக்கு யாரோ இறக்குகிறார்கள். கோயில் முழுக்கக் கண்ணை மூடிவிட்டது, எல்லாரும் காத்திருக்கிறார்கள், புல்லரிக்கக் காத்திருக்கிறார்கள். ஆரம்பி. கிருபையும் இரக்கமும் உள்ள என்று ஆரம்பித்தால் போதும், மிச்சம் தானாக வரும். வாயைத் திறக்கிறேன். வரவில்லை. குழாயும் நின்றுவிட்டது. ஒருவர் இருமுகிறார். சுகிர்தாவின் தலையில் கை வைக்கிறேன், அவள் நடுங்குகிறாள், அந்த நடுக்கம் என் முழங்கை வரை ஏறுகிறது, என்னைப் போலவே பயந்திருக்கிறாள், இவ்வளவு நேரம் இவள் அந்த வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தது இந்த நடுக்கத்தோடுதானா? "ஆண்டவரே," என்கிறேன். ஒலிபெருக்கியில் என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்கிறது. "ஆண்டவரே, எங்களுக்கு ஒண்ணும் தெரியல." அவ்வளவுதான். அதற்கு மேல் இல்லை. ஆமென் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, கொஞ்ச நேரம் கழித்து ஐயரே ஆமென் என்றார். திரும்பி என் இடத்துக்கு வரும்போது கண்களைத் திறந்து எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். பிரஷர் இருக்கும் டீச்சருக்கு என்று யாரோ சொல்வது கேட்கிறது.

வெளியே வெயில். கொன்றை மரத்தடியில் எல்லாரும் பிள்ளைகளுக்குக் கை கொடுத்து வாழ்த்துகிறார்கள், சுகிர்தா அதிலிருந்து விலகி என்னிடம் வருகிறாள். "எக்கா, என்ன சொல்லணும்?" நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன், இத்தனை வருஷம் கேட்காததை இன்றைக்கு இந்தக் கேள்வியில் கேட்பது அவள் தலையில் கல்லைப் போடுவது போல இருந்தது, கேட்கவில்லை. "நானும் வாரேன்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்துவிட்டாள். என் குடையில் இரண்டு பேரும் நடக்கிறோம், கருப்பட்டிக் கடை, பூட்டிய ரைஸ் மில், உச்சி வெயிலில் நாய்கூட எழுந்திருக்கவில்லை, அவள் தோள் என் தோளில் இடிக்கிறது, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவள் கேட்கவும் இல்லை, எனக்குத் தெரியவும் இல்லை, கடைசித் தெருத் திரும்பும்போது முடிவு செய்துவிட்டேன், பொய்தான் சொல்லப்போகிறேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும், சுகிர்தா சொல்லாமல் தப்பட்டும். செல்வகனி வாசலிலேயே நிற்கிறாள். "வாங்க டீச்சர். முழிச்சுத்தான் இருக்கா. நல்லாப் பேசுங்க, என்ன?" அந்த என்னவில் எல்லாம் இருந்தது. உள்ளே ஜன்னலோரம் கட்டில், அதில் போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை, நீலத் துப்பட்டா கட்டிய சின்னத் தலை மட்டும். "ஸ்தோத்திரம் டீச்சர்" என்றாள் ஜெருஷா. குரல் மட்டும் மாறவில்லை. செல்வகனி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, காப்பி போடப் போனாள். மாத்திரை வாசனை, ஆரஞ்சுத் தோல் வாசனை. சுகிர்தா கட்டிலிலேயே உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஜெருஷா கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். "எக்கா, நேத்துக் கேட்டனே." நான் முன்னால் சாய்ந்தேன். "இல்ல மக்களே, அப்படியெல்லாம் நினைக்கவே கூடாது, கர்த்தர்" என்றேன், அதற்குள் சுகிர்தா, "ஆமா ஜெருஷா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "மதுரைல டாக்டர் அப்படித்தான் சொல்லிருக்காவ. மருந்து இனிக் கேக்காதுன்னு." ஜெருஷா அழவில்லை. நீண்ட தூரம் தூக்கி வந்த எதையோ இறக்கி வைத்தவள் மாதிரி தலையணையில் தலையைச் சாய்த்தாள். "எப்போ?" "தெரியாது. சீக்கிரம்னு சொல்லுதாவ." "வலிக்குமா?" "வலிக்காம இருக்க மருந்து தருவாவ. நான் கேட்டுட்டேன்." கேட்டிருக்கிறாள். எப்போது, யாரிடம் கேட்டாள், எனக்குத் தெரியாதே! "எக்கா, எனக்குப் பயமா இருக்கு." "எனக்கும்தான் இருக்கு." "அங்க யாராச்சும் இருப்பாவளா?" இதற்காவது நான் பேசியிருக்க வேண்டும், இது என் பாடம், இதற்கு முப்பது பேருக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "இருப்பாவன்னு நான் நம்புதேன்" என்றாள் சுகிர்தா. "சில நாள் நம்ப முடியல. இன்னைக்கு நம்புதேன்." ஜெருஷா யோசித்தாள். "சரி" என்றாள். பிறகு, "அம்மைக்குத் தெரியுமா?" "தெரியும்." "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கா பாவம்." காப்பித் தம்ளர் தரையில் விழுந்து உருண்டது. செல்வகனி கதவில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "யாரு சொல்லச் சொன்னா?" என்று கேட்டாள், சுகிர்தாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான். "வாக்குக் கொடுத்தியளே டீச்சர்." நான் எழுந்தேன். "வெளிய போங்க. ரெண்டு பேரும் வெளிய போங்க. என் வீட்டுப் படி ஏறக் கூடாது இனி" என்று கத்திக்கொண்டே சுகிர்தாவின் தோளைப் பிடித்து இழுத்தாள், இழுத்த கையாலேயே அடித்தாள், முதுகில், இரண்டு மூன்று தடவை, சுகிர்தா விலகவில்லை, அந்தக் காலை மடியிலிருந்து பதமாக இறக்கி வைக்கும்வரை வாங்கிக்கொண்டாள். "அம்மா," என்றாள் ஜெருஷா. "அம்மா, அக்காவ அடிக்காத. நீ இங்க வா. எனக்கு உன்கூடப் பேசணும், ரொம்ப நாளா." செல்வகனியின் கை நடுவில் நின்றது. ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து, அது அழுகையில்லை, ஆடு மாடு போடுகிற சத்தம் மாதிரி, அப்படியே போய்க் கட்டிலில் விழுந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். அந்த மெலிந்த கை தாயின் முதுகில் ஏறி இறங்குகிறது. நாங்கள் வெளியே வந்தோம். வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து, "சுகிர்தாக்கா நாளைக்கு வரணும்மா" என்று கேட்டது. செல்வகனி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

ரைஸ் மில் சுவரோரம் சுகிர்தா உட்கார்ந்துவிட்டாள், குமட்டினாள், வெறும் வயிறு, ஒன்றும் வரவில்லை. நான் முதுகைத் தடவுகிறேன், தடவும்போதே செல்வகனி அடித்த இடம் அது என்று நினைவு வந்து கையை எடுத்துக்கொள்கிறேன். "நீங்க சொன்னதைச் சொல்லல எக்கா. சொல்லணும்னுதான் வந்தேன். அவ மூஞ்சியப் பாத்ததும் வரல." நன்றாகச் செய்தாய் என்று சொல்லலாம். தப்பு செய்துவிட்டாய் என்றும் சொல்லலாம், அந்தத் தாய் இனி எங்களை மன்னிக்காமல் போகலாம், நாளைக்குக் கோயில் கமிட்டியில் பேசுவார்கள், ஐயர் கூப்பிட்டு விசாரிப்பார், நான்தான் சொல்லச் சொன்னேன் என்று சொல்லிவிடுவேன், அது மட்டும் நிச்சயம். "சரியா எக்கா நான் செஞ்சது?" "எனக்குத் தெரியல மக்களே." அவள் நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு வருஷத்தில் என் வாயிலிருந்து அவள் கேட்காத வார்த்தை அது, ஆனாலும் அவள் முகத்தில் நான் பயந்த எதுவும் நடக்கவில்லை, எதுவும் இடிந்து விழவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு நான் போறேன். கதவத் தொறக்கலன்னா வாசல்ல உக்காந்திருப்பேன்." "நானும் வாரேன்" என்றேன், பழக்கத்தில். "வேண்டாம் எக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க வந்தா நான் உங்க மூஞ்சியப் பாத்துட்டு இருப்பேன். அவளப் பாக்கணும்." நெஞ்சில் யாரோ கையை வைத்துத் தள்ளியது போல இருந்தது, சரி என்றேன். அவள் வெயிலில் நடந்து போகிறாள், நீலக்கரை புழுதியில் புரள்கிறது, திரும்பிப் பார்ப்பாள் என்று நிற்கிறேன், பார்க்கவில்லை. சைக்கிளில் யாரோ, "ஸ்தோத்திரம் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். பதிலுக்கு வாயைத் திறக்கிறேன். நடு ரோட்டில், விரித்த குடையோடு, சத்தம் போட்டு அழுகிறேன்.